இயக்குநரின் இடது கண்

மனித குலம் இதுவரை கண்டவற்றில் மகத்தானவை மூன்று: நெருப்பு, சக்கரம், எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் முகப்பில் தொங்கிய நாற்பதடிப் பதாகை. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அவர்களிடம் மக்கள் தொடர்பு அலுவலர் இல்லாததே காரணம். மூன்றாவதற்கு அந்தக் குறை கிடையாது. அந்த அலுவலர் நான்தான்.

எங்கள் இயக்குநரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எதை ஆரம்பித்தாலும் அவரிடமிருந்து ஆரம்பிப்பது எங்கள் மரபு. இயக்குநர் என்றால் இயக்குபவர் என்று பொருள். பன்னிரண்டு வருடங்களில் அவர் எதையும் இயக்கியதாகக் கோப்புகளில் தகவல் இல்லை. ஒன்றையும் அசைக்காமல் அந்த நாற்காலியில் நீடிக்க எவ்வளவு பெரிய ஆற்றல் வேண்டும் என்பது இயற்பியல் படித்தவர்களுக்குப் புரியும்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த நிறுவனத்தில் திடீரென்று ஒன்று நிஜமாகவே இயங்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது மாடியில், தெருவைப் பார்த்த கடைசி அறையில், ஒரு பெண் ஆராய்ச்சியாளர் இருந்தார். ஏழு வருடங்களாக இருந்தாராம். அவர் ஒரு மோட்டார் செய்திருந்தார். எள் அளவு மோட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'எள்ளு மேடம்' என்று பெயர். வைத்தவர்கள் எள்ளித்தான் வைத்தார்கள். அவர் அதை அளவைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டார். அவ்வளவு நல்ல மனது.

செய்திக் குறிப்பு எழுதுவதற்காக முதல் முறையாக அந்த அறைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் கண்ணாடி மூடிபோட்ட சின்னப் பெட்டி. அதன் மேல் ஒரு நுண்ணோக்கி. குனிந்து பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிய ஒரு பட்டை, இரண்டு குட்டிச் சக்கரங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல ஒயர் எங்க மேடம்?"

"ஒயர் கிடையாது சார்."

"அப்ப பேட்டரி?"

"அதுவும் இல்ல. வெளிச்சம் பட்டா ஓடும்."

"வெளிச்சத்தை யாரு போடுவாங்க?"

அவர் ஜன்னலைக் காட்டினார். "அது தினமும் காலையில ஆறு மணிக்கு வந்துடும் சார்."

எங்கள் கட்டடத்துக்குள் ஆறு மணிக்கு வரும் ஒன்றைப் பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பட்டை ஒரு தனி வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. வெளிச்சம் படுகிற பக்கம் சுருங்கும். நிழலில் இருக்கிற பக்கம் நீளும். ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் விட்டுக்கொடுக்க, சக்கரம் நகர்ந்துவிடும். எங்கள் நிறுவனத்திலும் இதே தத்துவம்தான், சிறு வித்தியாசம்: இங்கே இரண்டு பக்கமும் இழுப்பார்கள்.

"இது எதுக்கு மேடம்?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் சொன்னவர் மூலையில் உட்கார்ந்திருந்த கண் டாக்டர். பொது மருத்துவமனையிலிருந்து வந்திருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் குட்டி டார்ச் வைத்திருப்பார்.

"கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும் சார். வடியற வழி அடைச்சுக்கிட்டா அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிடும். வலிக்காது, தெரியாது. ஒருநாள் பார்த்தா பார்வை போயிருக்கும். போனது திரும்ப வராது. இந்த மோட்டாரை உள்ள வச்சா, கண்ணுல விழற வெளிச்சத்துலயே ஓடி அந்தத் தண்ணிய வெளியேத்திடும்."

"பிரமாதம். எப்ப வைக்கப் போறீங்க?"

"முதல்ல முப்பது நாள் ஓடிக் காட்டணும். தினமும் வெளிச்சம் வந்ததும் தானா கிளம்பணும். யாரும் தொடக்கூடாது, பெட்டியை நகர்த்தக்கூடாது. ஒரு நாள் கிளம்பலேன்னாலும் திரும்ப ஒண்ணுல இருந்துதான். பேஷன்ட்டோட கண்ணுக்குள்ள கையை விட்டுத் தட்டிவிட முடியாது பாருங்க." அவர் பெட்டியின் நான்கு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தார். "எங்க அனுமதிக் குழு அடுத்த மாசக் கடைசியில கூடுது. அதை விட்டா அடுத்த வருஷம்தான்."

மறுநாள் காலை சோதனை ஆரம்பமாயிற்று. நிறுவனமும் சுறுசுறுப்பானது.

முதலில் வந்தது பாதுகாப்புப் பிரிவு. 'சுழலும் இயந்திரம், தளர்ந்த உடையுடன் நெருங்காதீர்' என்று இரண்டடி உயரப் பலகை ஒன்றை எள்ளின் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு வாகனப் பிரிவு, மோட்டார் என்பதால் பதிவு எண் கேட்டது. எண்ணை எங்கே எழுதுவது என்று மேடம் கேட்டதற்கு, முன்னாலும் பின்னாலும் என்று பதில் வந்தது. கடைசியாகக் கிடங்கு அலுவலர் தடிமனான ஒரு பதிவேட்டுடன் ஏறி வந்தார்.

"சோதனைக்குச் சூரிய ஒளி உபயோகப்படுத்தறீங்களாமே. எங்க ஸ்டோர்ல இருந்து எடுக்கலையே."

"ஜன்னல் வழியா வருது சார்."

"வரட்டும். வெளியில இருந்து வர்ற எந்தப் பொருளும் ஸ்டோர் வழியாத்தான் வரணும்."

"ஸ்டோர்ல ஜன்னலே இல்லையே சார்."

"அது திருடு போகாம இருக்கறதுக்கு," என்றார் அவர், பெருமையாக.

எள்ளு மேடம் எல்லாருக்கும் எழுத்தில் பதில் கொடுத்தார். மோட்டார் எதற்கும் பதில் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள், ஐந்து நாள், பதினைந்து நாள்.

பதினாறாவது நாள் என் செய்திக் குறிப்பு நாளிதழில் வந்தது. அதைப் படித்த அமைச்சர் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். அப்படித்தான் மோட்டாரைப் பற்றி இயக்குநருக்குத் தெரிய வந்தது. பத்தே நிமிடத்தில் இரண்டாவது மாடிக்கு வந்துவிட்டார். அந்த மாடிக்கு அது அவருடைய முதல் வருகை என்பதால் நான்தான் படிக்கட்டைக் காட்டினேன்.

நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல வேகம்," என்றார்.

"சார், நீங்க குனிஞ்சதுல நிழல் விழுந்து நின்னுபோச்சு," என்றார் மேடம்.

"நின்னாலும் கம்பீரமா நிக்குதே," என்றார் இயக்குநர். இப்படிச் சட்டென்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவர் நிமிர்ந்ததும் மோட்டார் மறுபடி ஓடியது. தன்னைப் பார்த்ததும் ஓடுகிறது என்று அதையும் அவர் சரியாகவே புரிந்துகொண்டார்.

அன்று மாலையே பதாகை முடிவாயிற்று. நாற்பதடி. முகப்புச் சுவரை மேலிருந்து கீழ்வரை மூடும்படி. இரண்டு வாரம் கழித்து அமைச்சரை வைத்து விழா. நான் மோட்டாரின் படத்தைப் பெரிதாக்கி வடிவமைத்துக் கொண்டுபோனேன். இயக்குநர் பார்த்துவிட்டு யோசித்தார்.

"இதை ரோட்டுல போறவன் பார்த்தா என்னன்னு நினைப்பான்?"

"புரியாது சார்."

"புரியற மாதிரி ஒரு முகம் வேணும்," என்றார். எந்த முகம் என்று நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் இடையே அப்படியொரு புரிதல். அவருடைய படத்தை முழு அளவில் போட்டு, மேலே 'ஒளியால் இயங்குவோம்' என்று எழுதி, மோட்டாரின் படத்தை உண்மை அளவில் வலதுபக்கக் கீழ் மூலையில் வைத்தேன். அச்சகத்துக்காரர் போன் செய்தார். "சார், கீழ ஒரு கறை இருந்துச்சு. நானே துடைச்சு விட்டுட்டேன்." நன்றி சொன்னேன்.

பத்தொன்பதாவது நாள் காலை ஒன்பது மணிக்குப் பதாகை ஏறியது. இயக்குநர் அதற்கு முந்தைய நாளே ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தார். வாசலில் நின்று கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த எனக்கு மேடமிடமிருந்து போன் வந்தது.

"சார், ரூம் இருட்டாயிடுச்சு."

"விழா ஏற்பாடு மேடம்."

"மோட்டார் நின்னுபோச்சு சார்."

"பதாகைல இயங்குதுன்னுதானே போட்டிருக்கு."

"இன்னைக்குக் காலையில கிளம்பிடுச்சு, அதனால இன்னைக்குக் கணக்குல வரும். நாளைக்குக் கிளம்பலேன்னா எல்லாம் போச்சு. பதாகையை ரெண்டடி நகர்த்திக் கட்டச் சொல்லுங்க சார்."

"இயக்குநர் படத்தை இயக்குநர் அனுமதி இல்லாம நகர்த்த விதி இல்ல மேடம்."

"அவர் எப்ப வருவார்?"

"பத்து நாள் ஆகும்."

போன் வைக்கப்பட்டது. பத்து நிமிடம் கழித்து நான் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். இயக்குநரின் இடது கண்ணில் ஏதோ பளபளத்தது. கண்ணீரோ என்று ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். அது காகிதம் வெட்டும் கத்தி. கண்ணைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போட்டது. சாப்பாட்டுத் தட்டு அளவில் இயக்குநரின் கண் காற்றில் மிதந்து வந்து என் காலடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் எள்ளு மேடமின் முகம் தெரிந்தது.

"ஓடுது சார்," என்றார் மேலேயிருந்து.

உடனடியாக நடவடிக்கை எடுத்தேன். கண்ணை எடுத்துத் துடைத்து, 'இணைப்பு: கண், ஒன்று' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். புகார் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். நடந்ததை நான் பார்த்ததாக எழுதினால், பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்வி வரும். ஆகவே பார்க்காமல் இருப்பது என்று முடிவு செய்தேன். ஆறு நாட்கள் தலையைக் குனிந்துகொண்டே அலுவலகத்துக்குப் போய்வந்தேன். என் பணிவைப் பலரும் மெச்சினார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆறு நாளில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. விடிகிற நேரத்துக்கே ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். இரண்டாவது மாடியில் மேடம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். இயக்குநரின் கண் வழியாக வெளிச்சம் உள்ளே வந்து, தரையில் விழுந்து, மேஜைக்காலில் ஏறி, பெட்டியைத் தொடும். நான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டை முதலில் லேசாகச் சிலிர்க்கும், தூக்கத்தில் இருக்கிறவரை யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்புறம் சக்கரம் நகரும். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு வேலை யாரும் சொல்லாமல் தானாக ஆரம்பித்ததை நான் பார்த்தது அங்கேதான்.

இருபத்தைந்தாவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் திரும்பி வந்துவிட்டார். மாநாட்டில் அவருடைய உரையைக் கேட்டு, மீதி நாட்களை ரத்து செய்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். காரிலிருந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் கண்ணுல என்னய்யா அது?"

"ஜன்னல் சார்."

"எத்தனை நாளா?"

"இப்பத்தான் சார் கவனிக்கிறேன்."

"மூடு."

எதைக்கொண்டு மூடுவது என்பதில்தான் நிர்வாகத் திறமை தேவைப்பட்டது. வெட்டிய கண்ணையே திரும்ப ஒட்டலாம் என்றால், அது இப்போது கோப்பிலுள்ள சாட்சி. விசாரணை முடியும்வரை பிரிக்கக்கூடாது. புதிய கண் அச்சிட மூன்று நாள் ஆகும். மின்பிரிவிலிருந்து கறுப்பு ஒட்டுநாடா வாங்கி, இயக்குநரின் கண்ணை நானே கையாள வேண்டும் என்ற மரியாதையினால் நானே ஏணியில் ஏறினேன்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் மேடம் நின்றிருந்தார். இருவருடைய முகத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை.

"இன்னும் அஞ்சு நாள்தான் சார்."

"ஆர்டர் மேடம்."

"இன்னைக்குக் காலையில நீங்களும்தானே பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன. நாடா நல்ல தரம். முதல் முறையிலேயே ஒட்டிக்கொண்டது. கீழே இறங்கிப் பார்த்தபோது இயக்குநர் கடற்கொள்ளைக்காரர் மாதிரி இருந்தார். மிடுக்கு கூடியிருப்பதாகச் சொன்னேன். அவரும் ஆமோதித்தார்.

இருபத்தாறாவது நாள் காலை மோட்டார் கிளம்பவில்லை. இதை நான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து பழையபடி பத்தரைக்குத்தான் ஆபீசுக்குப் போனேன்.

விழா சிறப்பாக நடந்தது. அமைச்சர் ஒரு பொத்தானை அமுக்கி மோட்டாரை இயக்கிவைத்தார். மோட்டாருக்குப் பொத்தான் கிடையாது என்பதால் பொத்தானுடன் ஒரு மேஜை விசிறியை இணைத்திருந்தோம். "கண்டுபிடிப்புல இருந்து நல்லா காத்து வருது," என்று அமைச்சர் பாராட்டினார். எள்ளு மேடம் அழைக்கப்படவில்லை. விசாரணையில் இருப்பவரை மேடையேற்றுவது முறையல்ல.

விசாரணைக் குழுவுக்குத் துணை இயக்குநர் தலைவர். நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு.

"இயக்குநரோட கண்ணை நீங்க வெட்டினீங்களா?"

"படத்துல இருந்ததைத்தான் சார்."

"எந்தக் கண்ணு?"

"இடது கண்ணு. ஜன்னல் அங்கதான் இருந்துச்சு."

"வலது கண்ணுக்குப் பின்னால ஜன்னல் இருந்திருந்தா?"

"அதை வெட்டியிருப்பேன் சார்."

"பாருங்க, வருத்தமே இல்ல," என்றார் துணை இயக்குநர் எங்களைப் பார்த்து. பிறகு மேடமிடம் கேட்டார். "வெளிச்சம் இல்லாமலே ஓடற மாதிரி ஏன் நீங்க செய்யக்கூடாது?"

மேடம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நிறைய பேர் செஞ்சு பார்த்திருக்காங்க சார். அதெல்லாம் மோட்டார் இல்ல, பதவி."

இந்த வரியை நான் குறிப்பேட்டில் சேர்க்கவில்லை. அவர் நன்மைக்காகத்தான்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. தர்க்கத்துக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். மோட்டார் நின்றதற்குக் காரணம் வெளிச்சமின்மை. வெளிச்சமின்மைக்குக் காரணம் பதாகை. பதாகைக்குக் காரணம் மோட்டார். எனவே தான் நின்றதற்கு மோட்டாரே முழுப் பொறுப்பு, அதைச் செய்தவருக்கு அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. அறிக்கையில் குழுவினர் எல்லாரும் கையெழுத்திட்டோம்.

மேடம் கோபப்படவில்லை. தண்டனை என்னவென்று அறிவிப்பதற்குள் ராஜினாமா கடிதத்தை என் மேஜையில் வைத்தார். கண் டாக்டர் வந்து முத்திரைகளை உடைத்தார். மேடம் பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வாசல் காவலர் பையைச் சோதித்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டார்.

மருத்துவமனை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அந்த மோட்டார் முப்பது நாளும் ஓடியது என்று பிறகு கேள்விப்பட்டேன். மேகமூட்டமாக இருந்த நாட்களில்கூட மெதுவாக ஓடியதாம். ஆனால் அது ஓடி முடிப்பதற்குள் அனுமதிக் குழு கூடிக் கலைந்துவிட்டது. அடுத்த கூட்டம் அடுத்த வருடம்.

அந்த ஒரு வருடத்தில் எங்கள் நிறுவனம் பல சிகரங்களைத் தொட்டது. ஒளி ஆராய்ச்சியில் காட்டிய தொலைநோக்குக்காக இயக்குநருக்கு விருது கிடைத்தது. பாராட்டுரை என்னுடையது. எனக்குப் பதவி உயர்வும், தெருவைப் பார்த்த அறையும் கொடுத்தார்கள். இரண்டாவது மாடி, கடைசி அறை. வெயில் அதிகம் என்பதால் திரை போட்டுக்கொண்டேன்.

பிறகு மோட்டாருக்கு அனுமதி கிடைத்து, முதல் ஐந்து நோயாளிகளின் கண்களில் அதை வைத்துவிட்டார்கள். அதுவும் எங்கள் சாதனைதான் என்பதால் ஆண்டறிக்கைக்குப் புகைப்படம் எடுத்துவர இயக்குநர் என்னை அனுப்பினார். மருத்துவமனை வராந்தாவில் நீளமான பெஞ்சு. கடைசியில் ஒரு பஸ் டிரைவர் காக்கிச் சட்டையுடன் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு. நல்ல முகவெட்டு. அட்டைப்படத்துக்குப் பொருத்தமாக இருப்பார் என்று தோன்றியது.

"கட்டு போட்ட கண்ணுலதான் மோட்டார் வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. இது தப்பிச்சிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்ப கட்டுப் போடாத கண்ணு நல்லாருக்குதானே. இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்க, போட்டோ எடுக்கணும்."

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க," என்றார் அவர். "அந்தக் கண்ணு தெரியாது. போன வருஷம் மழைக்காலத்துல போயிடுச்சு. அதுக்கு முன்னாலேயே மோட்டார் வந்துடும், ரெண்டையும் காப்பாத்திடலாம்னு டாக்டர் சொல்லிட்டிருந்தார். பேர்கூட எழுதி வச்சிருந்தார். என்னமோ தள்ளிப்போயிடுச்சு. ஒரு கண்ணோட வண்டி ஓட்ட விட மாட்டாங்க பாருங்க, டெப்போல உட்கார வச்சுட்டாங்க."

நான் கேமராவை மூடினேன்.

"நீங்க அந்த ஆராய்ச்சி ஆபீஸ்லயிருந்தா வர்றீங்க?" என்று குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டார். "ஏன் சார் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே எங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அதை நான்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

"நிர்வாகக் காரணங்கள்," என்றேன்.

டிரைவர் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அது என்ன வியாதிங்க?" என்றார். "ரொம்ப பேருக்கு வருமா?"

வரும். எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கு இருபத்தாறு வருடமாக இருக்கிறது. அந்த வியாதி பிடித்தவர்களை அது ஒன்றும் செய்யாது. கண் போவதெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான்.